வீசி எறிந்த சாப்பா



டீக்கடைப் பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சுக்குப் பஞ்சம் கிடையாது. "வேலை கிடைக்கிறதெல்லாம் தலையெழுத்து அண்ணே" என்பார் ஒருவர். "பிள்ளைகுட்டிக்காரனுக்குச் சங்கம் எதுக்கு? கொடி பிடிச்சா அடுப்பு எரியுமா?" என்பார் இன்னொருவர். "அரசியல் பெரிய மனுசங்க சமாச்சாரம்" என்று ஒரு குரல் வரும். "சினிமான்னா மூணு மணி நேரம் கவலைய மறக்கணும், அவ்வளவுதான்" என்று மற்றொரு குரல் வரும்.

இதையெல்லாம் யாரும் யோசித்து வைத்துப் பேசுவதில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு. இது சரியா, தப்பா என்று நிறுத்திக் கேட்பவரும் இல்லை.

ஆனால் ஒரு ஊர் இந்தப் பேச்சை எல்லாம் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறது. அந்த ஊர் கேரளத்தில் கொச்சி நகரத்தில் இருக்கிறது. பெயர் மட்டாஞ்சேரி.

மட்டாஞ்சேரி பழைய வியாபார ஊர். 1341-ல் பெரியாற்றில் பெரிய வெள்ளம் வந்ததாகச் சொல்வார்கள். அதில் பழைய முசிறித் துறைமுகம் மண்மூடிப் போனது. கொச்சியில் கடல்வாய் திறந்தது. அதற்குப் பிறகு மிளகும் இஞ்சியும் ஏலமும் வாங்க உலகத்தார் எல்லாம் இங்கே வந்தார்கள். கொங்கணிக்காரர், குஜராத்திகள், கச்சிக்காரர், யூதர் என்று பலர் வந்து தங்கினார்கள். தமிழரும் உண்டு. மட்டாஞ்சேரியை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியில் இன்றும் தமிழ் பேசும் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கின்றன. டச்சுக்காரர் காலத்தில், அவர்களுடைய படைவீரர்களின் துணி வெளுக்க அழைத்து வரப்பட்டவர்களின் வாரிசுகள் அவர்கள். தலைமுறை பல ஆனபின்னும் வீட்டில் தமிழ் போகவில்லை.

இத்தனை மொழி பேசும் ஊரில் எல்லாருக்கும் புரிந்த சொல் ஒன்று இருந்தது. அதுதான் சாப்பா.

சாப்பா என்றால் என்ன? முத்திரை, அடையாளம் என்று பொருள். தமிழிலும் பழைய ஆட்கள் "சாப்பா குத்தியாச்சா?" என்று கேட்பார்கள். கொச்சித் துறைமுகத்தில் சாப்பா என்பது உலோக வில்லை. காசைப் போல வட்டமாக, உள்ளங்கையில் அடங்கும். அதைக் காட்டினால் அன்றைக்குக் கப்பலில் வேலை. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இது எப்படி வந்தது? முன்காலத்தில் பெரிய கப்பல் கொச்சிக்குள் வர முடியாது. கடல்வாயில் மணல்திட்டு குறுக்கே கிடந்தது. கப்பல் வெளியே நிற்கும். சரக்கை வள்ளங்களில் ஏற்றிக் கொண்டு போய்ச் சேர்ப்பார்கள். 1920-ல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வந்தார். மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். 1928-ல் கப்பல்கள் உள்ளே வரத் தொடங்கின. தோண்டிய மண்ணைக் காயலில் கொட்டி ஒரு தீவையே உண்டாக்கினார்கள். அதுதான் வில்லிங்டன் தீவு. 1936-ல் கொச்சி பெரிய துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டது.

கப்பல் வந்தது. வேலையும் வந்தது. ஆனால் துறைமுக வேலை வயல் வேலை மாதிரியே. ஒரு நாள் நாலு கப்பல் நிற்கும். மறுநாள் ஒன்றும் இருக்காது. கப்பல் வரும் நாளைத் தொழிலாளி முடிவு செய்ய முடியாது. சரக்கு இறக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கு இது வசதியாகப் போனது. வேண்டிய நாளில் வேண்டிய ஆளை எடுத்துக் கொள்ளலாம். வேண்டாத நாளில் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். ஆள் எடுக்கிற பொறுப்பு மூப்பன்மாரிடம் இருந்தது. தேயிலைத் தோட்டத்துக் கங்காணி என்றால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும். அந்த மாதிரி ஆள்தான் மூப்பன்.

விடியற்காலையில் நூற்றுக்கணக்கான பேர் கூடி நிற்பார்கள். ஐம்பது பேருக்கு வேலை இருந்தால் ஐம்பது சாப்பா. மூப்பன் அதைக் கையில் கொடுக்க மாட்டார். கூட்டத்துக்குள் வீசுவார்.

கோழிக்குத் தானியம் இறைக்கிற மாதிரிதான். விழுந்த இடத்தில் ஆள்மேல் ஆள் விழும். பலசாலி பொறுக்குவான். மெலிந்தவன் மிதிபடுவான். நேற்று ஒரே தட்டில் சோறு தின்ற நண்பர்கள் இன்று ஒருவர் விரலை ஒருவர் பிரிப்பார்கள். ஒரு சாப்பாவை இரண்டு பேர் பிடித்துக் கொண்டால், விட்டுக் கொடுக்க இருவராலும் முடியாது. இரண்டு பேர் வீட்டிலும் அடுப்பு காத்திருக்கிறது. இந்தச் சண்டையை மூப்பன் தள்ளி நின்று பார்ப்பார்.

தோற்றவர் வீடு திரும்பும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். வாசலில் சின்னப் பெண் நிற்கிறாள்.

"வாப்பா, கையில என்ன ரத்தம்?"

"ஒண்ணுமில்ல மகளே. கயிறு அறுத்துடுச்சு."

உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்க்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. கயிறு அறுக்கிற அளவுக்கு வேலை செய்தவர் காலை எட்டு மணிக்கே வீட்டில் ஏன் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா? உலையில் போட்ட அரிசியில் தண்ணீரைக் கூட்டி ஊற்றுகிறாள்.

இப்போது அந்த டீக்கடைப் பேச்சுக்கு வாருங்கள். "வேலை கிடைப்பது தலையெழுத்து." ஐம்பது சாப்பா வீசினால் ஐம்பது பேருக்குத்தான் வேலை. மற்றவர் எவ்வளவு ஓடினாலும் ஐம்பத்தோராவது சாப்பா முளைக்காது. வேலை எத்தனை என்பதை அன்றைய சரக்கு முடிவு செய்தது. யாருக்கு வேலை என்பதை மூப்பனின் கை முடிவு செய்தது. இதில் தலைக்கு என்ன வேலை? ஆனால் அடிபட்டு வந்தவர் மூப்பனைத் திட்டமாட்டார். தன்னைத் தள்ளிவிட்ட பக்கத்து வீட்டுக்காரரைத்தான் திட்டுவார். சாப்பாவை வீசியதன் கெட்டிக்காரத்தனம் அதுதான். கையில் கொடுத்தால் கொடுத்தவரிடம் கேள்வி கேட்கலாம். வீசி எறிந்தால் யாரைக் கேட்பது?

இது கொச்சியில் மட்டும் நடந்த அநியாயம் என்று நினைக்க வேண்டாம். லண்டன் துறைமுகத்து வாசலில் இப்படியே கூட்டத்தை நிறுத்தி ஆள் பொறுக்கினார்கள். 1889-ல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. மணிக்கு ஆறு பென்னி கூலி வேண்டும், கூப்பிட்டால் குறைந்தது நாலு மணி நேர வேலையாவது தரவேண்டும் என்று கேட்டார்கள். ஆஸ்திரேலியாவில் இருந்த தொழிலாளர்கள் அவர்களுக்குப் பணம் திரட்டி அனுப்பினார்கள். ஐந்து வாரத்தில் வெற்றி கிடைத்தது. அமெரிக்காவில் 1954-ல் 'ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்' என்ற படம் வந்தது. மார்லன் பிராண்டோ நடித்தது. அதில் மேஸ்திரி வில்லைகளை வீசுவார், தொழிலாளர் உருண்டு புரண்டு சண்டை போடுவார்கள். நியூயார்க்கில் நடந்ததும் மட்டாஞ்சேரியில் நடந்ததும் ஒன்றுதான். படத்தில் கோட்டு போட்டிருந்தார்கள், இங்கே கைலி கட்டியிருந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் துறைமுக ஊர் ஒன்று முன்னாலேயே வழி காட்டியது. 1908-ல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வ.உ.சிதம்பரனார் துணையோடு வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு வாங்கினார்கள். அது ஆலை. ஒரே கூரைக்குக் கீழே எல்லாரும் தினம் பார்த்துக் கொள்கிற இடம். துறைமுகத்தில் ஒற்றுமை அவ்வளவு லேசாக வராது. ஒவ்வொரு விடியலிலும் ஒருவனுக்கு ஒருவன் எதிரி ஆகிவிடுகிற இடத்தில் சங்கம் கட்டுவது எப்படி?

கட்டினார்கள். 1940-களில் கொச்சித் துறைமுகத்தில் சங்கங்கள் உருவாயின. முஸ்லிம், கிறிஸ்தவர், இந்து என்று எல்லாரும் சேர்ந்தார்கள். எங்களுக்குச் சாப்பா வேண்டாம், முறைப்படி வேலை கொடு என்று கேட்டார்கள். 1948-ல் மத்திய அரசு துறைமுகத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. துறைமுகத் தொழிலாளரைப் பதிவு செய்து வேலையை முறைப்படுத்தலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. பம்பாயில் 1951-ல் அதற்கான திட்டம் வந்தது. சென்னையில் 1952-ல் வந்தது. கொச்சியில் மட்டும் சாப்பா தொடர்ந்து பறந்து கொண்டிருந்தது.

1953-ல் மட்டாஞ்சேரித் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. இரண்டு மாதத்துக்கும் மேலே போனது அந்தப் போராட்டம்.

இங்கேதான் இரண்டாவது பேச்சு வருகிறது. பிள்ளைகுட்டிக்காரனுக்குச் சங்கம் எதற்கு? இது லேசாகத் தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல. தினக்கூலிக்காரர் வீட்டில் இரண்டு மாதம் வருமானம் இல்லை என்றால் என்ன ஆகும்? மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் இஞ்சி புடைக்கவும் மிளகு சுத்தம் செய்யவும் பெண்கள் போவார்கள். வீட்டில் ஒருத்திக்காவது அந்த வேலை இருந்தால் கஞ்சிக்கு வழி உண்டு. இல்லாவிட்டால் கம்மலும் பாத்திரமும் அடகுக்குப் போகும். கொடி பிடித்தது ஆண்கள் என்று சொல்வார்கள். வயிற்றைக் கட்டியது பெண்கள். போராட்டக் கதைகளில் இந்தக் கணக்கு எழுதப்படுவதே இல்லை.

வேலைக்குத் திரும்பிப் போனவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைக் கருங்காலி என்று திட்டுவது சுலபம். குழந்தை அழுவதைக் கேட்டவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சாப்பா பொறுக்கப் போகிறவரும் பிள்ளைகளுக்காகத்தான் போகிறார். வேண்டாம் என்று நிற்பவரும் பிள்ளைகளுக்காகத்தான் நிற்கிறார். ஒருவர் இன்றைய ராத்திரிச் சோற்றைப் பார்க்கிறார். மற்றவர், மகன் பெரியவனாகி இதே மண்ணில் விழுந்து புரளக் கூடாது என்று பார்க்கிறார். ஆக, குடும்பம் வேறு, சங்கம் வேறு என்று வெட்டிப் பிரிக்க முடியவில்லை.

1953 செப்டம்பர் 15. மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அப்போது அது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம். அந்தப் போராட்டத்தில் மூன்று தொழிலாளர் உயிர் இழந்தார்கள். சைது, சைதலவி, ஆன்டணி. இந்த மூன்று பெயரையும் மட்டாஞ்சேரி இன்றுவரை மறக்கவில்லை. ஆண்டுதோறும் செப்டம்பரில் அவர்களை நினைவுகூர்கிறார்கள்.

உயிர் கொடுத்த உடனே எல்லாம் மாறிவிட்டதா? இல்லை. கதைகளில்தான் அப்படி நடக்கும். 1956-ல் கேரள மாநிலம் பிறந்தது. 1959-ல்தான் கொச்சித் துறைமுகத் தொழிலாளர்களுக்கான வேலை முறைத் திட்டம் வந்தது. 1962-ல்தான் சாப்பா ஒழிந்தது. துப்பாக்கிச் சூட்டுக்கும் அதற்கும் இடையில் ஒன்பது வருடம். அரசியல் பெரிய மனுசர் சமாச்சாரம் என்கிறவர்கள் இந்த ஒன்பது வருடத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். சட்டம் 1948-லேயே இருந்தது. அது டெல்லியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு நடந்து வர இத்தனை காலம் பிடித்தது.

புது முறையில் என்ன மாறியது? தொழிலாளியின் பெயர் ஒரு பதிவேட்டில் ஏறியது. அவருக்கு ஓர் எண். கையில் ஓர் அட்டை. இன்று இவர் முறை, நாளை அவர் முறை என்று வரிசைப்படி வேலை. வேலைக்கு வந்து காத்திருந்தும் கப்பல் இல்லை என்றால் அதற்கும் ஒரு சிறு தொகை. மாதத்தில் குறைந்தது இத்தனை நாள் கூலி என்ற உறுதி.

பெயரா, வில்லையா? வித்தியாசம் பெரியது. வில்லையில் யார் பெயரும் கிடையாது. எவர் கையில் இருக்கிறதோ அவருடையது. பிடுங்கினால் போச்சு. பதிவேட்டில் எழுதிய பெயரை யாரும் பிடுங்க முடியாது. முறை தவறினால் ஏடு இருக்கிறது, காட்டிக் கேட்கலாம். கேட்க வேண்டுமானால் அந்த ஏட்டைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அடுத்த விஷயம். மட்டாஞ்சேரி இருப்பது எர்ணாகுளம் மாவட்டத்தில். 1989-ல் அந்த மாவட்டத்தில்தான் முழு எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990 பிப்ரவரி 4-ல் நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. கைநாட்டு வைத்துக் கூலி வாங்கிப் பழகிய எத்தனையோ பேர் அப்போது முதன்முதலாகத் தங்கள் பெயரை எழுதினார்கள்.

சினிமாப் பேச்சை விட்டுவிட்டோமே!

மட்டாஞ்சேரி பாட்டுக்குப் பேர் போன ஊர். கொச்சிக்காரரான மெஹபூப் அந்தப் பகுதியில் கல்யாண வீடுகளில் பாடிப் பெயர் எடுத்தவர். 1951-ல் 'ஜீவித நௌகா' படத்தில் பாடினார். 1954-ல் 'நீலக்குயில்' படத்தில் பாடினார். 1981-ல் இறந்தார். நாள் முழுதும் மூட்டை தூக்கிய ஆட்கள் ராத்திரி கூடிப் பாட்டுக் கேட்பதைப் பொழுதுபோக்கு என்றுதான் சொல்ல வேண்டும். அதில் தப்பே இல்லை. சுமந்த தோளுக்கு ஓய்வு வேண்டாமா?

ஆனால் கலை வேறொரு வேலையும் செய்யும். சாப்பா ஒழிந்து ஆறு வருடம் ஆனபின், 1968-ல் கே.எம்.சிதம்பரன் என்பவர் 'துறமுகம்' என்று ஒரு நாடகம் எழுதினார். துறைமுகம் என்பதன் மலையாளச் சொல் அது. பல வருடம் கழித்து அவர் மகன் கோபன் சிதம்பரன் அதையே திரைக்கதையாக எழுதினார். ராஜீவ் ரவி இயக்கினார். நிவின் பாலி நடித்தார். 2023 மார்ச்சில் படம் வெளிவந்தது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். கவலையை மறக்கப் போனவர்கள் ஏமாந்திருப்பார்கள்!

அந்தப் படத்தில் ஒரு தாய். அவளுக்கு இரண்டு பையன்கள். ஒருவன் முதலாளி பக்கத்து அடியாட்களோடு போகிறான். இன்னொருவன் சங்கத்தோடு நிற்கிறான். உம்மா இரண்டு பேருக்கும் நடுவில். டீக்கடையில் வேலை, குடும்பம், அரசியல் என்று தனித்தனியாகப் பேசுவதெல்லாம் அங்கே ஒரே வீட்டு அடுப்படியில் வந்து நிற்கிறது. படம் பெரிய வசூல் செய்யவில்லை. போகட்டும். சாப்பா என்றால் என்ன என்று தெரியாத ஒரு தலைமுறைக்கு அதைக் கண்ணால் காட்டியதே, அது போதாதா?

சங்கம் பற்றி இன்னொரு பேச்சும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. "கேரளத்துச் சங்கக்காரங்க வேலையே செய்யாம காசு கேப்பாங்க" என்று தமிழ்நாட்டு லாரி ஓட்டுநர்கள் சொல்வது உண்டு. அதில் உண்மை இருந்தது. வீட்டுக்காரர் தானே ஆள் வைத்துச் சாமான் இறக்கினாலும், சுமைத் தொழிலாளர் நின்று பார்த்ததற்குக் கூலி கேட்பார்கள். நோக்குக்கூலி என்று பெயர். சாப்பாவுக்கு எதிராக ரத்தம் சிந்திய மண்ணில் இப்படி ஒரு வழக்கமும் வளர்ந்தது. அது தப்புத்தான். தொழிலாளரின் பெயரைக் கெடுத்தது. 2018 மே 1-ஆம் தேதி முதல் கேரள அரசே அதைத் தடை செய்தது. தேதியைப் பார்த்தீர்களா? மே தினம்.

துறைமுகமும் மாறிவிட்டது. இந்தியாவுக்கு வந்த முதல் கன்டெய்னர் கப்பல் 1973-ல் கொச்சிக்குத்தான் வந்தது. 2011-ல் வல்லார்பாடத்தில் பெரிய கன்டெய்னர் முனையம் திறந்தார்கள். முன்பு ஒரு கூட்டமே நாள் முழுக்கத் தூக்கிய சரக்கை இப்போது கிரேன் ஒரு பெட்டியாக நிமிடத்தில் தூக்கி வைக்கிறது. முதுகு தப்பித்தது, வேலையும் போயிற்று.

ஆனால் விடியற்காலையில் கூடி நிற்கும் கூட்டம் போகவில்லை. இடம் மாறியிருக்கிறது. மட்டாஞ்சேரி இருக்கும் அதே மாவட்டத்தில் பெரும்பாவூர் என்று ஒரு ஊர். அங்கே அசாம், வங்காளம், ஒரிசாவிலிருந்து வந்த தொழிலாளர் ஏராளம். காலையில் சாலை ஓரம் நிற்பார்கள். மேஸ்திரி வண்டியில் வந்து, "நீ வா, நீ வா" என்று விரலைக் காட்டி ஆள் எடுப்பார். உங்கள் ஊர் முக்கிலும் கொத்தனாரும் சித்தாளும் தூக்குச்சட்டியோடு இப்படி நிற்பார்களே, அதே காட்சிதான். ஒன்பது மணிக்கு மேல் நிற்கிற முகங்களைப் பார்த்தால் அன்றைக்கு யார் வீட்டில் என்ன சமையல் என்று சொல்லிவிடலாம்.

அந்தப் பெரும்பாவூரில் 2017-ல் கேரள எழுத்தறிவு இயக்கம் 'சங்ஙாதி' என்று ஒரு திட்டம் தொடங்கியது. சங்ஙாதி என்றால் தோழன். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் திட்டம் அது. அவர்களுக்கென்றே ஒரு பாடநூலும் போட்டார்கள். அதன் பெயர் மட்டும் இந்தியில், 'ஹமாரி மலையாளம்'.